பீடத்துக்கு எட்டத்தில்

பழைய லத்தீன் வழிபாட்டின் ஆடம்பரத் திருப்பலியில் பீடத்தின் முன் மூன்று பேர் நிற்பார்கள். மேல்படியில் குரு, அடுத்த படியில் திருத்தொண்டர், கீழே துணைத் திருத்தொண்டர். நற்செய்தியைப் பாடுவது திருத்தொண்டரின் உரிமை. திருமுகத்தைப் பாடுவது துணைத் திருத்தொண்டரின் உரிமை. காணிக்கை நேரத்தில் துணைத் திருத்தொண்டர் தோளில் நீண்ட துகில் ஒன்றைப் போர்த்திக்கொள்வார். அதன் முனையால் அப்பத்தட்டை மூடி ஏந்தியபடி, பரலோக மந்திரம் முடியும்வரை கீழேயே நிற்பார். வேலை என்று பார்த்தால் நிற்பதுதான் வேலை. அப்படி நிற்பதற்கும் ஓர் ஆண் உடல் வேண்டியிருந்தது. பட்டம் பெற்ற திருத்தொண்டர் கிடைக்காத ஊர்களில் வேறு குருக்களே அந்த உடைகளை அணிந்துகொண்டார்கள்.

எளிய திருப்பலிக்கு ஒரே ஓர் உதவியாள் போதும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 813ஆம் விதி, உதவி செய்து பதில் சொல்ல ஒருவர் இல்லாமல் குரு திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்கிறது. அந்த ஒருவர் பெண்ணாக இருக்கக் கூடாது. ஆண் கிடைக்காமல், தக்க காரணமும் இருந்தால் பெண் பதில் சொல்லலாம்; ஆனால் தொலைவிலிருந்து மட்டுமே. எக்காரணம் கொண்டும் பீடத்தை நெருங்கக் கூடாது. கன்னியர் மடங்களில்கூட இதுதான் சட்டம். பெண்ணின் லத்தீன் செல்லும், பெண் செல்லக் கூடாது!

இதே சட்டநூலின் 1306ஆம் விதியை நம் வீட்டுப் பெண்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். திருப்பலியில் பயன்பட்ட துணிகளை முதல் தண்ணீரில் அலசுபவர் உயர்பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். பிறகுதான் பொதுநிலையினரிடமும் கன்னியரிடமும் துவைக்கக் கொடுக்கலாம். விதி ஆண் பெண் என்று பிரிக்கவில்லைதான். துவைத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

எப்போதுமே இப்படித்தானா? கெங்கிரேயாவின் பெயிபாவைத் திருத்தொண்டர் என்றே பவுல் குறிப்பிடுகிறார். 441இல் பிரெஞ்சு மண்ணின் ஒராஞ்சுச் சங்கம், இனிப் பெண்களைத் திருத்தொண்டராக்கக் கூடாது என்றது. பத்தே ஆண்டுகள் கழித்து, 451இல், கிழக்கே கால்செதோன் சங்கம் நாற்பது வயதுக்குக் குறைந்த பெண்ணைத் திருத்தொண்டராக்க வேண்டாம் என்றது. அதாவது, நாற்பதைத் தாண்டினால் தடையில்லை. 494இல் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ், பெண்கள் பீடத்தில் பணிபுரிவதைக் கண்டித்துத் தெற்கு இத்தாலி ஆயர்களுக்கு எழுதினார். யாரும் செய்யாததை யாரும் கண்டிப்பதில்லை. பெண்கள் அங்கே நின்றிருக்கிறார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சாட்சி, அவர்களை விரட்டிய கடிதம்தான்.

1972இல் ஆறாம் பவுல் துணைத் திருத்தொண்டர் பட்டத்தையே நீக்கினார். அதன் பணிகள் வாசகருக்கும் பீடத்துணைவருக்கும் பிரிந்தன. அவ்விரு பணிகளும் ஆண்களுக்கே என்று அப்போதும் எழுதிவைத்தார். 1994இல் பீடத்தில் உதவச் சிறுமியருக்கும் அனுமதி வந்தது, ஆயர் விரும்பினால். அவ்விரு பணிகளும் முறைப்படி பெண்களுக்குத் திறந்தது 2021 ஜனவரியில். திருத்தொண்டர் பட்டம் இன்னும் திறக்கவில்லை.