இருண்ட நெபுலா ஒளிப்படக் கலை

இருண்ட நெபுலா ஒளிப்படக் கலை என்பது, பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைத்து நிற்கும் தூசு முகில்களைப் படமாக்கும் வானியல் ஒளிப்படப் பிரிவு. பெரும்பாலும் ஆர்வலர்களின் களம். நெபுலாவை ஒண்முகில் என்றும் தமிழில் எழுதுவர். ஒண்மை என்றால் ஒளி. இருண்ட ஒண்முகில் என்றால் சொல்லே தன்னோடு மோதிக்கொள்ளும். ஆகவே இங்கு நெபுலா என்றே ஆளப்படுகிறது.

தோற்றம்

18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷெல் விருச்சிகத்தில் விண்மீனே இல்லாத இடங்களைக் கண்டு, அவற்றை வானத்து ஓட்டைகள் என எண்ணினார். ஒளிப்படத் தகடு வந்த பிறகே இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 1888இல் ஹார்வர்டு தகடு ஒன்றில் வில்லியமினா ஃபிளெமிங் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டார்.

இக்கலையின் தந்தை அமெரிக்கரான எட்வர்ட் எமர்சன் பார்னார்டு (1857–1923). நாஷ்வில் நகரில், தந்தையை அறியாமல் வறுமையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் ஒரு படநிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்க வெயிலைப் பயன்படுத்திய பெருங்கருவி ஒன்று அங்கே இருந்தது. அது சூரியனை விட்டு விலகாதபடி கையாலேயே திருப்பிக்கொண்டிருப்பது சிறுவனின் வேலை. பிற்காலத்தில் இரவு முழுக்க ஒரு விண்மீனைத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியில் நிறுத்திவைத்த பொறுமைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. பின்னர் சொந்தச் செலவில் தொலைநோக்கி வாங்கி, வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்து, பரிசுப் பணத்தில் வீடும் கட்டினார்.

1889இல் லிக் வானாய்வகத்தில் அவர் பால்வழியைப் படமெடுக்கத் தொடங்கினார். கருவி, ஆட்களை உருவப்படம் எடுக்க முன்பு பயன்பட்ட, ஏறத்தாழ 6 அங்குல வில்லர்டு லென்ஸ். பெரிய தொலைநோக்கிகளுக்கு எட்டாத அகன்ற வானத்தை அது ஒரே தகட்டில் அள்ளியது. அடுத்து கேதரின் புரூஸ் என்பவரின் நன்கொடையில் 10 அங்குல புரூஸ் தொலைநோக்கி உருவானது. 1905இல் அதை வில்சன் மலைக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்தார். 1913 கோடையில், பால்வழியின் முன் நகர்ந்த சிறு மேகங்கள் மைத்துளிகள்போல் கறுத்துத் தெரிந்ததை அவர் குறித்திருக்கிறார். ஓட்டை அல்ல, திரை என்ற கருத்து அவருக்கு இவ்வாறு உறுதிப்பட்டது.

வகைப்பாடு

1919இல் பார்னார்டு 182 கருந்திட்டுகளைப் பட்டியலிட்டார். மறைவுக்குப் பின், 1927இல் வெளியான ஒளிப்பட ஏட்டில் எண்ணிக்கை 349 ஆனது. அதைப் பதிப்பித்தவர்கள் எட்வின் ஃபிராஸ்டும் பார்னார்டின் மனைவிவழி உறவினரான மேரி கால்வர்ட்டும். அதில் குதிரைத்தலை பா33 (பா என்பது பார்னார்டு), தனுசில் ஒரு விண்மீன் கொத்தை ஒட்டிய மைப்பொட்டு பா86, அல்டேர் விண்மீன் அருகே ஆங்கில ‘ஈ’ எழுத்தாய்த் தெரிவது பா142–143. 1962இல் பெவர்லி லிண்ட்ஸ், பலோமார் வானாய்வகத் தகடுகளிலிருந்து 1802 நெபுலாக்களைத் தொகுத்து, 1 முதல் 6 வரை அடர்த்தி எண் கொடுத்தார். 6 மிகக் கறுத்தது. ஆர்வலருக்கு இன்றும் பயன்படுவது இந்த எண்தான்.

முறை

இருட்டைப் படமெடுப்பதாகச் சொன்னாலும், உண்மையில் எடுப்பது அதைச் சுற்றியுள்ள ஒளியைத்தான். நகர வெளிச்சம் நெபுலாவின் மேலும் பின்புலத்தின் மேலும் ஒரே அளவு படிவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடுகிறது. ஐதரசன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள், சிவப்பு நெபுலாக்களை மாடியிலிருந்தே எடுக்க உதவும். தானாக ஒளிராத தூசுக்கு அவை உதவா. நிலவற்ற இரவில் ஊரை விட்டுப் போவதே வழி. பல மணி நேரப் படங்களை அடுக்கிச் சேர்க்க வேண்டும். படங்களை நான்கு மடங்காக்கினால்தான் இரைச்சல் பாதியாகும்.

சீராக ஒளிரும் பரப்பைப் பதிவுசெய்யும் சமஒளிப் படம் எடுக்கத் தவறினால் உணரியில் ஒட்டிய தூசி, பார்னார்டு பட்டியலில் இல்லாத புதிய நெபுலாவாகக் காட்சி தரும். மாறாக, பின்புலத்தைச் சமன்படுத்தும் மென்பொருள் உண்மையான தூசு முகிலையும் மாசு வெளிச்சம் என்று துடைத்துவிடுவதுண்டு. நெபுலாவை முழுக் கறுப்பாக்குவது தவறு; தூசு நீல ஒளியைக் கூடுதலாக மறைப்பதால் அதன் விளிம்பு பழுப்பாகவே இருக்க வேண்டும்.

தற்போதைய நிலை

குளிரூட்டிய சீமாஸ் கேமராக்களும் தானியங்கி வழிகாட்டிகளும் வழக்கத்தில் உள்ளன.