அடுப்பும் சம்பளக் கணக்கும்

சமைப்பது பெண்ணின் கடமை, சாமான் வாங்குவது ஆணின் உரிமை என்னும் வழக்கை இயற்கையின் நியதியென்றே பலரும் எண்ணுகின்றனர். அப்புத்தளை மலைச்சரிவுகளில் நிற்கும் லயங்களின் வரலாற்றை நோக்கும்போது இவ்வெண்ணம் எவ்வளவு தவறானதென்பதை நாம் உணர்கிறோம்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருள் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுப்பினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். உழைப்பாளியை மறுநாள் பிரட்டுக்கு ஆயத்தமாக்கும் சமையலுக்கு மட்டும் எவரும் கூலி கொடுக்கவில்லை.

விடியுமுன் எழுந்து, பீலியில் நீர் பிடித்து, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறிய பெண், கொழுந்து நிறுத்துத் திரும்ப மாலையாகும். கவ்வாத்து, கான் வெட்டுதல் போன்ற ஆண்களின் வேலையோ பெரும்பாலும் முன்னதாகவே முடிந்துவிடும். ஆயினும் அடுப்பு அவளுக்காகவே காத்துக் கிடந்தது.

ஆணுக்குச் சமைக்கத் தெரியாது என்பது வீண் வாதம். துரையின் பங்களாவில் சமைத்த 'அப்பு' ஆண்தானே! சம்பளம் உள்ள அடுப்பில் ஆண் நின்றான். சம்பளமற்ற அடுப்பு பெண்ணுக்கு விதிக்கப்பட்டது.

இனி, கடைக்குப் போனவர் யார்? அரிசியைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியும் பெண்ணுக்குக் குறைவாகவே இருந்தது. அக்குறைந்த கூலியையும் பல தோட்டங்களில் கணவனே பெற்றுக்கொண்டான். பணம் எவன் கையிலோ, கடைப் பற்றும் அவன் பெயரிலேயே. சாராயக் கடையும் அதே வழியில்தான் இருந்தது. எஞ்சியதைக் கொண்டு உலை வைப்பது அவள் பாடு. 1942இல் பர்மா அரிசி நின்றபோதும், 1973-74 பஞ்சத்தில் லயங்களில் உயிர்கள் மாண்டபோதும், இல்லாததைப் பங்கிடும் பொறுப்பு அவளையே சார்ந்தது.

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. அது பெரும் போராட்டத்தின் வெற்றி. ஆனால் அவ்வெற்றி காம்பராவின் வாசலோடு நின்றுவிட்டது. மனைவி மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற குடும்பங்களிற்கூட, சில வீடுகளில்தான் கணவன் பானையைத் தொட்டான். பல வீடுகளில் அச்சுமை பாட்டியின் தோளுக்கு மாறியது.

வேலை நேரமும் சம்பளக் கணக்கும் உருவாக்கிய இப்பிரிவினை மனிதர் செய்தது, மனிதரால் மாற்றக்கூடியது. தன் உழைப்பின் ஊதியத்தைப் பெண் தன் கையால் பெற வேண்டும். முன்னதாக வீடு திரும்புபவர் உலை வைக்க வேண்டும். தொழிற்சங்க மேடைகளில் முழங்கும் சமத்துவம் லயத்து அடுப்படியிலும் நுழையும் நாளிலேதான் 1984இன் வெற்றி முழுமை பெறும்.