பேச்சுக்குக் கட்டிய வலையில் இணையம் புகுந்த கதை



நான் பள்ளியில் படித்தபோது வீட்டில் ஒரு பழைய 4ஜி போன் இருந்தது. அதில் பாட்டு இறக்குவதுதான் என் முழுநேர வேலை. பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு! திரையின் மேலே 4ஜி என்ற எழுத்து மறையும், 2ஜி என்று வரும், டவுன்லோடு அப்படியே நின்றுவிடும். அத்தை பேசி முடிக்கும்வரை (அதாவது முக்கால் மணி நேரம்) காத்திருக்க வேண்டும். போன்தான் ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த செமஸ்டரில் ஒயர்லெஸ் பாடம் படித்தபோதுதான் புரிந்தது, தப்பு அந்தப் போன் மேல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதுதான் பழைய டெலிபோன் முறை. நீங்கள் ஒருவருக்கு போன் செய்தால், வைக்கும்வரை ஒரு பாதை உங்களுக்கே சொந்தம். பேசினாலும் சரி, பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, வேறு யாரும் அதில் உட்கார முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பார் இல்லையா? அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய பாதி நேரம் காலி இருக்கைதான்.

இருந்தாலும் பேச்சுக்கு இது நன்றாகவே ஒத்துவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித அறிஞர், இத்தனை பேர் பேச எத்தனை லைன் வேண்டும் என்று கணக்கிடும் வழிக்கு 1909-லேயே அடித்தளம் போட்டுவிட்டார். உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்சுகள் அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுந்தன.

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி முதல் ஜிஎஸ்எம் அழைப்பைப் பேசினார். 2ஜி பிறந்தது. கம்பி போய்விட்டது, ஆனால் துண்டு போகவில்லை! 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையை 8 டைம் ஸ்லாட்டுகளாகப் பிரித்து, ஒரு அழைப்புக்கு ஒரு ஸ்லாட் என்று ஒதுக்கினார்கள். விநாடிக்கு 13 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய குரல் அதில் போனது.

ஹவாய் தீவில் ஒரு விதை

இதற்கு இருபது வருடம் முன்பே வேறொரு கதை நடந்துவிட்டது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1971-ல் 'அலோஹாநெட்' என்ற வலையமைப்பை இயக்கினார்கள். பல தீவுகளில் இருக்கும் டெர்மினல்களை ஒரே கம்ப்யூட்டரோடு ரேடியோ வழியாக இணைப்பது அவர்கள் நோக்கம்.

கம்ப்யூட்டர் முன் உட்காருபவர் எப்படி வேலை செய்வார்? ஒரு வரி அடிப்பார், யோசிப்பார், காபி குடிப்பார், அடுத்த வரி அடிப்பார். இவருக்கு ஒரு சீட்டை முழுநேரமும் ஒதுக்கினால் அநியாயம். அதனால் அங்கே யாருக்கும் சீட்டே கிடையாது. செய்தி இருந்தால் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பு. இரண்டு பொட்டலம் மோதி வீணானால், கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. கேட்க ரவுடித்தனமாக இருக்கும் :) கணக்குப் போட்டால் அலைவரிசையில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். ஆனாலும் வேலை நடந்தது. அதன் வேகம் விநாடிக்கு 9,600 பிட்.

இருபது வருடம் கழித்து வந்த ஜிஎஸ்எம் போனில் டேட்டா அனுப்பினால் என்ன வேகம் தெரியுமா? அதே 9,600 பிட்! அதுவும் பேச்சுக்கான ஸ்லாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் மீட்டர் ஓடும். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது.

மிச்சத்தில் கொஞ்சம்

1999 பிப்ரவரியில் ஜப்பானின் டோகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கியது. வேகம் இங்கும் அதே 9,600தான். ஆனால் எத்தனை நிமிடம் என்று பார்க்காமல் எத்தனை பொட்டலம் என்று பார்த்துக் காசு வாங்கினார்கள். 128 பைட்டுக்கு 0.3 யென். இந்த ஒரு மாற்றத்துக்கே மக்கள் குவிந்துவிட்டார்கள்.

நம் சென்னை ஐஐடி-யிலும் ஏறக்குறைய அதே காலத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா டெலிபோன் முறையை உருவாக்கியது. போன் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையம் பார்க்கலாம், பேசாதபோது 70 கிலோபிட். முக்கியமான விஷயம் வேறு. இணையத்தில் உட்காருபவர் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார், சில நிமிட அழைப்புகளை நம்பிக் கட்டிய எக்ஸ்சேஞ்ச் அதைத் தாங்காது. அதனால் இணையப் போக்குவரத்தை எக்ஸ்சேஞ்சுக்குள் விடாமல் வாசலிலேயே பிரித்துவிட்டார்கள்.

2000-ல் ஜிபிஆர்எஸ் வந்தது. ஜிஎஸ்எம் வலையின் பக்கத்திலேயே டேட்டாவுக்கென்று தனி நோடுகளை வைத்தார்கள். ஆனால் காற்றில் முன்னுரிமை பேச்சுக்குத்தான். பேச்சு போக மிஞ்சிய ஸ்லாட்டுகளில் டேட்டா ஓட்டிக்கொள்ளலாம். பந்தியில் கடைசி வரிசை மாதிரி.

காத்திருக்கத் தெரிந்தவன்

அதே 2000 ஏப்ரலில் பிரிட்டன் 5 3ஜி உரிமங்களை ஏலம் விட்டு 2,247 கோடி பவுண்டு அள்ளியது. நிறுவனங்கள் பெருமையாகக் காட்டியது வீடியோ காலை. வீடியோ கால் என்றால் என்ன? முகத்தோடு சேர்த்துப் பேச்சு, அவ்வளவுதான். மனசு இன்னும் பேச்சை விட்டு வரவில்லை!

உண்மையான திருப்பம் குவால்காம் பொறியாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் பிடித்த நூல் மிக எளிமையானது: பேச்சால் காத்திருக்க முடியாது, டேட்டாவால் முடியும்.

சிக்னல் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பேச்சு விட்டுப்போகக் கூடாது என்பதால், சிக்னல் மோசமாக இருப்பவருக்கு டவர் அதிக சக்தி செலவழிக்கும். டேட்டாவுக்கு அந்த அவசரம் இல்லை. எனவே போன் விநாடிக்கு 600 முறை "இப்போது என் சிக்னல் இப்படி" என்று சொல்லும். யாருக்கு அந்தக் கணத்தில் நல்ல நேரமோ, அவருக்கு டவர் தன் முழு சக்தியையும் கொடுக்கும், அடுத்த கணம் இன்னொருவருக்கு. யாரும் பட்டினி கிடக்காமல் சுற்றில் எல்லோருக்கும் பங்கு வரும். 1.25 மெகாஹெர்ட்ஸில் 2.4 மெகாபிட் வரை போனது. துண்டு போடுவதே ஒழிந்தது!

இது பேச்சே இல்லாத அலைவரிசை. அதனால் 'எவல்யூஷன் டேட்டா ஒன்லி' என்று பெயர் வைத்தார்கள். "டேட்டா மட்டும்" என்றால் குறையாகத் தெரியுமே என்று பிறகு 'டேட்டா ஆப்டிமைஸ்டு' என்று மாற்றினார்கள் (விளம்பரத் துறை வாழ்க!). 2002 ஜனவரியில் கொரியாவில் வணிகச் சேவை தொடங்கியது. ஜிஎஸ்எம் வழிவந்த 3ஜி-யும் அதே வருடம் எச்எஸ்டிபிஏ என்ற தரத்தில் இதே பாதைக்கு வந்தது.

பேச்சைக் கழற்றிவிட்ட 4ஜி

2004 நவம்பரில் கனடாவின் டொராண்டோவில் 3ஜிபிபி அமைப்பு ஒரு பட்டறை நடத்தியது. எல்டிஇ-யின் தொடக்கம் அதுதான். நான்கு வருடம் கழித்து 2008-ல் தரம் தயாரானபோது அதில் பேச்சுக்கான சர்க்யூட் பாதையே இல்லை. எல்லாமே இணையப் பொட்டலம். ஒவ்வொரு மில்லிவிநாடியும் யாருக்கு எவ்வளவு என்று டவரே முடிவு செய்யும்.

2009 டிசம்பர் 14 அன்று ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் முதல் 4ஜி சேவை தொடங்கியது. கையில் கொடுத்தது போன் இல்லை, லேப்டாப்பில் செருகும் டாங்கிள். அதே மாதத்தில்தான் உலக மொபைல் வலைகளில் டேட்டா, பேச்சை முந்தியது என்று எரிக்சன் பிறகு அறிவித்தது. 460 கோடி இணைப்புகளின் பேச்சை 40 கோடி பேரின் டேட்டா தாண்டிவிட்டதாம்!

சரி, 4ஜி போனில் பேசுவது எப்படி? தற்காலிக வழி ஒன்று வைத்தார்கள். அழைப்பு வந்தால் போன் 4ஜி-யை விட்டுவிட்டு 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கும், பேசிவிட்டு ஏறும். என் பாட்டு நின்ற மர்மம் இதுதான்!

பேச்சையும் பொட்டலமாக அனுப்பும் 'வோல்டி' சேவை 2012 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கொரியாவிலும் தொடங்கியது. 2016 செப்டம்பரில் இந்தியாவில் ஜியோ வந்தபோது அதனிடம் 2ஜி, 3ஜி எதுவும் இல்லை. பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை, டேட்டாவுக்குத்தான் காசு என்று விலைப்பட்டியலே தலைகீழானது.

ஆனால்...

இதுவரை வெற்றிக் கதை. 2024 அக்டோபர் இறுதியில் ஆஸ்திரேலியாவில் 3ஜி-யை நிறுத்தினார்கள். அதற்கு முன் ஒரு சிக்கல் வெளிவந்தது. சில 4ஜி போன்களில் சாதாரண அழைப்பு 4ஜி-யில் நன்றாகப் போகும். ஆனால் 000 என்ற அவசர எண்ணுக்கு மட்டும் போன் 3ஜி-யைத் தேடி இறங்கும். 3ஜி போய்விட்டால்? ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரத்தில்தான் போன் ஊமை என்பது தெரியும். கடைசியில் அப்படிப்பட்ட போன்களை வலையிலிருந்தே தடை செய்யவேண்டி வந்தது. அவற்றை வைத்திருந்தவர்கள் வேறு போன் வாங்கியாக வேண்டும்.

டேட்டாவை மையமாக வைத்தது சரியான முடிவுதான் என்பது என் கருத்து. இல்லையென்றால் இந்தப் பதிவைக்கூட போனில் படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தத் துண்டுக்கும் ஒரு மரியாதை இருந்தது. "இந்த இடம் உனக்குத்தான், நீ வைக்கும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்" என்ற உறுதி அதில் இருந்தது. நம் நாட்டிலும் 2ஜி-யை நிறுத்தும் பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அளவில்லாத டேட்டா இல்லை. பட்டன் போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தனியாகத் தூங்கும் எங்கள் தெருப் பாட்டிதான். அவர் போனுக்கு ஒரு மாற்று கையில் கொடுத்துவிட்டு அப்புறம் அணையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

உங்கள் வீட்டிலும் போன் வந்தால் டவுன்லோடு நின்றதுண்டா? பின்னூட்டத்தில் எழுதுங்கள். தப்பு எதுவும் கண்ணில் பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள், பரீட்சைக்கு முன் திருத்திக்கொள்கிறேன் :)