காலடியும் காலக்கணக்கும்

வைகறையில் பள்ளித் திடலைச் சுற்றி மெல்லோட்டம் ஓடுவது சில ஆண்டுகளாக எனக்குள்ள வழக்கம். முன்னிரவு கேட்ட மேனாட்டுச் செவ்விசை அவ்வேளையில் நெஞ்சில் மீண்டும் ஒலிக்கும். கால் அதனோடு பொருந்தும், அல்லது பொருந்த மறுக்கும். இசையின் விரைவை மாந்தர் எதனைக் கொண்டு அளந்தனர் என்னும் வினா அவ்வாறு எழுந்ததே.

கருவி தோன்றுமுன் உடலே அளவுகோல். செருமானியக் குழலிசை வல்லுநர் குவான்ட்ஸ் 1752இல் வெளியிட்ட நூலில், நலமுள்ள ஒருவரின் நாடித்துடிப்பை நிமிடத்திற்கு 80 எனக் கொண்டு இசையின் விரைவை வகுத்தார். மேனாட்டார் வழங்கும் ‘அந்தாந்தே’ என்னும் இத்தாலியச் சொல்லோ நடத்தலைக் குறிக்கும் வினையினின்று பிறந்தது. நமக்கு இது புதுமையன்று. சிலப்பதிகாரத்தின் பழைய உரை இயக்கத்தை முதனடை, வாரம், கூடை, திரள் என நான்காக்கிக் கூறும். தாழ்ந்த செலவினை உடையது முதனடை. முடுகிச் செல்வது திரள். தாளத்தின் உட்பிரிவை நாம் இன்றும் ‘நடை’ என்றே வழங்குகிறோம். திசிர நடையையும் சதுசிர நடையையும் மாணவர்க்கு வாயாற் சொல்லி விளக்குவதினும் நடக்கவைத்து விளக்குதல் எளிது.

ஆயினும் நாடி ஆளுக்கு ஆள் மாறும். ஓடுபவனுக்கோ சொல்லவே வேண்டா. ஆம்சுடர்டாமில் வாழ்ந்த விங்கெல் என்பவர் 1814இல் ஊசற் கருவி ஒன்றை அமைத்தார். மெல்ட்சல் என்பார் அக்கருத்தை எடுத்துக்கொண்டு, அளவுக்கோடுகளைச் சேர்த்து, 1815இல் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். அதுவே மெட்ரோனோம். புகழ் யாரைச் சேர்ந்தது என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இந்த மெல்ட்சலே பீத்தோவனுக்குச் செவிக்குழல்கள் செய்து தந்தவர். 1813 டிசம்பர் 8இல், போரில் காயமுற்ற வீரர்க்கு நிதி திரட்ட வியன்னாவில் நடந்த நிகழ்ச்சியில் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி முதன்முறையாக ஒலித்தது. அந்நிகழ்ச்சியிலும் மெல்ட்சலுக்குப் பங்குண்டு. சிம்பொனியின் இரண்டாம் பகுதியை அவையோர் மீண்டும் இசைக்கச் செய்தனர். 1817இல் பீத்தோவன், அதுவரை தாம் இயற்றிய எட்டுச் சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை அச்சிட்டு வெளியிட்டார். செவிப்புலனைப் பெரிதும் இழந்துவிட்ட ஒருவர், தம் படைப்பைப் பிறர் எவ்விரைவில் இசைக்கின்றனர் எனக் கேட்டுத் திருத்துதல் இயலாது. எண்ணை எழுதிவைப்பதே அவருக்கு எஞ்சிய காவல்.

பின்வந்தோரிற் பலர் அக்காவலை மதித்திலர். எண்கள் மட்டுமீறி விரைவானவை என்றனர். கருவி பழுதுற்றிருக்கும் என்றனர். அவ்விரண்டாம் பகுதிக்கு அவர் தந்த எண் 76. அதனை இரங்கல் ஊர்வலம்போல் தாழ்த்தி இசைத்தோர் மிகப் பலர். ஒரு தட்டுக்கு ஓரடி வைப்பின் அஃது அமைதியான நடை. ஈரடி வைப்பின் நிமிடத்திற்கு 152 அடி, மெல்லோட்டத்திற்கு ஏற்ற கணக்கு. திடலில் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பழுதுற்ற கருவியின் எண்ணாக அது எனக்குத் தோன்றவில்லை.

1980களின் பிற்பகுதியில் ராஜர் நோரிங்டன், பழங்கால இசைக்கருவிகளைக் கையாண்ட இலண்டன் குழுவினரோடு, பீத்தோவனின் சிம்பொனிகளை அவ்வெண்களை ஒட்டி ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவைக் கேட்ட இசை நண்பர் ஒருவர், இரண்டாம் பகுதியில் துயரம் குறைந்துவிட்டதே என வருந்தினார். எனக்கோ துயரம் குறைந்ததாகத் தோன்றவில்லை. கால் இழுபடாமை ஒன்றே வேறுபாடு.