குளிர்நீர் நகரும் வெந்நீர் நகரும்

பதின்பருவப் பிள்ளைகளோடு கோடையில் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் பாரிஸ், ரோம், லண்டன் என்றே தொடங்குகின்றன. அந்நகரங்களில் பார்ப்பதற்கு மிகுதியாக உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை தானாகச் செய்வதற்குத்தான் குறைவு. பெற்றோர் விரல் நீட்டிய திசையைப் பார்த்துத் தலையாட்டும் வயது அதுவன்று. ஆகவே, பார்ப்பதைவிடச் செய்வதற்கு இடம் தரும் இரண்டு தலைநகரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: கோபன்ஹேகன், புடாபெஸ்ட்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவற்றை இணைப்பதற்கு ஏதுமில்லை. ஒன்று கடலோரம், மற்றொன்று ஆற்றங்கரை. ஒன்றில் ஜூலை வெயில் இருபத்திரண்டு டிகிரியோடு நின்றுவிடும். மற்றதில் முப்பதைத் தொடும், சில வாரங்களில் முப்பத்தைந்தையும் தாண்டும். கோபன்ஹேகனில் குடும்பமாக ஒரு வேளை உணவகத்தில் அமர்ந்தாலே செலவுக் கணக்கு உதைக்கும். புடாபெஸ்டில் எண்ணெயில் பொரித்துப் புளித்த பாலேடும் சீஸும் தூவித் தரும் லாங்கோஷ் ஒன்றிலேயே பிள்ளையின் பசி அடங்கும். ஆனாலும் இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்துகொண்டே யூரோவை ஏற்காதவை. அங்கே குரோனர், இங்கே ஃபோரிண்ட். இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஒப்புமை இவ்வளவுதான் என்றால் எழுதத் தேவையில்லை.

1913ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அந்த ஆண்டில்தான் கோபன்ஹேகன் தன் துறைமுகக் கரையில் கடற்கன்னிச் சிலையை நிறுவியது. அதே ஆண்டில்தான் புடாபெஸ்ட் தன் நகரப் பூங்காவில் செச்செனி வெந்நீர்க் குளியல் மாளிகையைத் திறந்தது. ஒருவரையொருவர் அறியாமல் இரு நகரங்களும் ஒரே ஆண்டில் தண்ணீரைத் தம் முகமாக்கிக்கொண்டன. சிலையைப் பார்த்துப் பெரும்பாலான பிள்ளைகள் ஏமாந்துதான் போவார்கள். அது ஓர் ஆள் உயரம்கூட இல்லை. செச்செனியில் ஏமாற்றத்துக்கு இடமில்லை. மஞ்சள் நிற அரண்மனை ஒன்றின் முற்றத்தில், பூமிக்கடியிலிருந்து எழுபது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வரும் நீரை ஆற்றி நிரப்பிய குளங்களில் கழுத்தளவு அமர்ந்து முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கோபன்ஹேகனை அந்தச் சிலையைக் கொண்டு எடைபோடக் கூடாது. கழிவுநீர் கலந்து கிடந்த துறைமுகத்தை அந்நகரம் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தூய்மையாக்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நகர நடுவே ஐலண்ட்ஸ் பிரிகே பகுதியில் துறைமுக நீச்சல் துறையைத் திறந்தது. கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தாவும் பலகையிலிருந்து நேரே கடல்நீருக்குள் குதிக்கிறார்கள். பெருமழை பெய்து கழிவுநீர் வழிந்தால் அன்று நீச்சலுக்குத் தடை விதிக்கப்படும். புடாபெஸ்டில் நிலைமை தலைகீழ்: நகர மையத்தில் டான்யூபில் இறங்க அனுமதி இல்லை, நீராடல் எல்லாம் நிலத்தடி ஊற்றை நம்பியது. ஒரு நகரம் தன் நடுவே கிடக்கும் நீரைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. மற்றது தன் அடியில் கிடக்கும் நீரை எல்லோருக்கும் மேலே கொண்டுவந்தது. நடைமுறைக் குறிப்பு ஒன்று: புடாபெஸ்டின் வெந்நீர்க் குளங்களில் சிறுவர்களுக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு. வீட்டின் இளையவர் பதினான்கைத் தாண்டாதவர் என்றால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மார்கிட் தீவில் உள்ள பலத்தினுஷ் குளியல் துறையின் அலைக்குளம் அவருக்குப் பொருத்தமாக இருக்கும்.

தண்டவாளத்திலும் இவ்விரு நகரங்களுக்கும் எதிர்பாராத உறவு இருக்கிறது. கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி பூங்காவில் 1914ஆம் ஆண்டின் மர ரோலர்கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு வண்டித்தொடரிலும் ஓர் ஊழியர் உட்கார்ந்து கையால் பிரேக் பிடிக்கிறார். வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு மனிதரின் கை என்பது பயணிகளுக்குத் தெரிகிறது. புடாவின் குன்றுகளிலோ 1948இல் தொடங்கிய குழந்தைகள் ரயில் பதினோரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் காட்டுக்குள் ஓடுகிறது. ஓட்டுநர் பெரியவர், ஆனால் பயணச்சீட்டு கொடுப்பவர், சைகை காட்டுபவர், நடைமேடையில் விறைப்பாக நின்று வணக்கம் வைத்து வண்டியை அனுப்புபவர் எல்லாரும் பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள். கம்யூனிச ஆட்சிக்காலத்து இளம் முன்னோடிகள் அமைப்புக்காகத் தொடங்கிய திட்டம் அது. ஆட்சி போனது, ரயில் நிலைத்தது. தன் வயதை ஒத்த ஒருவர் சீருடையில் பொறுப்போடு பணிபுரிவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை எந்த ரோலர்கோஸ்டரும் தராது என்பது என் துணிபு.

வேண்டாதவற்றை என்ன செய்வது என்பதிலும் இரண்டும் ஒத்த மனத்தவை. கோபன்ஹேகன் தன் குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் ஆலையின் கூரையைப் பனிச்சறுக்குச் சரிவாக மாற்றி 2019இல் திறந்தது. அதே கட்டடத்தின் சுவரில் எண்பத்தைந்து மீட்டர் உயரத்துக்கு ஏறலாம். புடாபெஸ்ட் தன் வீதிகளிலிருந்து அகற்றிய லெனின்களையும் தொழிலாளர் வீரர்களையும் உடைத்தெறியாமல் ஊர்ப்புறத்தில் ஒரு வெளியில் நிறுத்தி, 1993இல் மெமெண்டோ பூங்கா என்று திறந்தது. 1956 புரட்சியில் மக்கள் வீழ்த்திய ஸ்டாலின் சிலையின் எஞ்சிய பூட்ஸ்களுக்கு அங்கே ஒரு நகலும் உண்டு. குப்பைமேட்டில் சறுக்குவது உடலுக்கு விருந்து. சிலைகளிடையே நடப்பது கேள்விகளுக்குத் தீனி.

விளையாட்டுப் பொருளிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. லெகோ டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தது. இன்றைய வடிவக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. ரூபிக் கனசதுரம் புடாபெஸ்டில் வடிவமைப்பு கற்பித்த எர்னோ ரூபிக் 1974இல் செய்தது; அதற்கான முதல் உலகப் போட்டியும் 1982இல் அந்நகரிலேயே நடந்தது. கட்டைக்கு முடிவென்று ஒன்றில்லை, எதையும் கட்டலாம். கனசதுரத்துக்கு எண்ணற்ற குழப்பங்கள், ஒரே ஒரு தீர்வு. கோபன்ஹேகனில் ஒரு நாளைப் பிள்ளைகள் தம் விருப்பப்படி கட்டிக்கொள்கிறார்கள்: சைக்கிள், நீச்சல், இரவெல்லாம் ஓடும் ஓட்டுநரில்லா மெட்ரோ, பத்து மணிக்கும் அணையாத வெளிச்சம். புடாபெஸ்டில் நகரமே அவிழ்க்க வேண்டிய புதிராக நிற்கிறது. 1896இல் திறந்த முதல் சுரங்க ரயில் வழியும், 2014இல் திறந்த ஓட்டுநரில்லா நான்காம் வழியும் ஒரே நாளில் ஏறி இறங்கக் கிடைக்கின்றன. அடைபட்ட அறையிலிருந்து தடயங்களைக் கொண்டு வெளியேறும் விளையாட்டு இங்கே பெருகி வளர்ந்ததில் வியப்பில்லை.

இவையெல்லாம் இன்பமான ஒப்புமைகள். இனி வருவதுதான் இவ்விரு நகரங்களையும் ஒன்றாகப் பார்க்கத் தூண்டியது.

1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்களைக் கைதுசெய்ய நாஜிகள் நாள் குறித்தார்கள். டக்விட்ஸ் என்ற ஜெர்மானிய அதிகாரியின் வழியாகவே செய்தி முன்கூட்டிக் கசிந்தது. வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் தேவாலயங்களிலும் ஒளித்துவைக்கப்பட்ட குடும்பங்கள் இரவுகளில் மீன்படகுகளில் ஏறி எரசுண்ட் நீரிணையைக் கடந்து ஸ்வீடன் சேர்ந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1944 அக்டோபரில், புடாபெஸ்டில் நாஜி ஆதரவு அம்புச்சிலுவைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் ஆட்கள் யூதர்களை டான்யூப் கரையில் வரிசையாக நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. ஒரு நகரில் நீர் தப்பும் வழியானது. மற்றதில் நீர் கொலைக்களமானது.

இரண்டையும் இணைக்கும் நாடு ஸ்வீடன். கோபன்ஹேகனின் யூதர்கள் ஸ்வீடனைத் தேடிப் போனார்கள். புடாபெஸ்டின் யூதர்களைத் தேடி ஸ்வீடன் வந்தது: ரவுல் வாலன்பெர்க் என்ற இளம் தூதர் 1944 ஜூலையில் அங்கே சென்று, ஸ்வீடிஷ் முத்திரையிட்ட காப்புக் கடவுச்சீட்டுகளை வழங்கி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். 1945 ஜனவரியில் சோவியத் படை அவரைப் பிடித்துச் சென்றது; அவர் திரும்பவில்லை. டென்மார்க்கின் கதையையும் ஒரே வெள்ளையாகப் பூசிச் சொல்ல வேண்டியதில்லை. படகுக்காரர் சிலர் பெருந்தொகை வாங்கினார்கள். ஏறத்தாழ நானூற்றெழுபது பேர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை இந்தச் சிக்கலைத் தாங்கும். சொல்லப்போனால், அதைத்தான் மதிக்கும்.

கோபன்ஹேகனில் இந்த வரலாற்றை அறியச் செல்ல வேண்டிய இடம், டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த டேனிஷ் யூத அருங்காட்சியகம். அதன் தரை சாய்வானது. படகில் நிற்பதுபோல் கால் தடுமாறும். புடாபெஸ்டில் பாராளுமன்றத்துக்குச் சற்றுத் தள்ளி ஆற்றோரம் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் 2005 முதல் இருக்கின்றன. அங்கே நுழைவுச்சீட்டும் இல்லை, காவலும் இல்லை. குழந்தையின் காலணியும் அவற்றில் உண்டு. இரு இடங்களிலும் பெரியவர்கள் விளக்கம் சொல்லாமல் இருப்பது நல்லது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இரு நகரங்களிலும் சொந்தம் கொண்டாட ஒவ்வொன்று கிடைக்கும். கோபன்ஹேகனில் ஏறத்தாழ உச்சி வரை படியில்லாமல் சாய்தளமாகவே சுற்றி ஏறும் வட்டக் கோபுரத்தை 1642இல் கட்டி முடித்தவர் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். 1620இல் தரங்கம்பாடியில் அமைந்த டேனியர் குடியேற்றத்துக்கு ஆள் அனுப்பியவரும் அவரே. தஞ்சை இரகுநாத நாயக்கர் அவருக்குப் பொன்னேட்டில் எழுதிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புடாபெஸ்டின் சொந்தம் அண்மைக்காலத்தது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுக்கு அடுத்தது, 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்தது. அதில் இந்தியா பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் தங்கம் வென்றது. அந்த அணிகளில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் இருந்தார்கள். முன்னவர் இருவரும் அப்போது இருபதைத் தொடாதவர்கள். கோபுரத்து மன்னரைவிட இவர்கள் பெயர் ஒரு பிள்ளையை விரைவில் அந்நகரோடு ஒட்டவைக்கும்.

ஆக, எதைத் தேர்வது? நகரங்களின் தகுதியை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதே என் கருத்து. தீர்ப்பது உங்கள் விடுமுறை மாதம். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், போகிறவர்களுக்குப் புடாபெஸ்ட். அப்போது கோபன்ஹேகன் துறைமுக நீர் இறங்க முடியாத குளிரில் இருக்கும். செச்செனியின் நீருக்குப் பருவம் கிடையாது, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது, கையிருப்பும் கூடுதல் நாள் தாங்கும். பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வாழ்ந்து ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை பெறும் குடும்பங்களுக்குக் கோபன்ஹேகன். புடாபெஸ்ட் வெயிலில் தகிக்கும் அந்த வாரங்களில்தான் துறைமுக நீர் குதிக்கத் தகுந்த பதத்துக்கு வருகிறது. எந்த நகரமானாலும் ஒரு முழுப் பகலை மெட்ரோ அட்டையோடு பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். மாலையில் எங்கே சந்திப்பது என்பதை மட்டும் பேசிவைத்துக்கொண்டால் போதும்.