காகிதப்பூவைப் பறித்த கை

எங்கள் வீட்டு மதிலோரம் நட்ட காகிதப்பூச் செடிக்கு ஓராண்டு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பச்சைப் பசேலென்று இலைகள்தாம் தழைத்தன, பூவைக் காணோம்! நீரைக் குறைத்து மண்ணைக் காயவிட்டு, கிளைகளைக் கத்தரித்த பின்னரே புதுத்துளிர்களில் நிறம் ஏறிற்று. அந்நிறமும் இதழ்களுடையது அன்று, பூவடிச் செதில்களுடையது. அவற்றின் நடுவேயுள்ள மூன்று சிறு வெண்குழல்களே உண்மைப் பூக்கள். செதிலின் செம்மை, பீட்ரூட்டின் செம்மையைப்போல், பீட்டலெய்ன் வகை நிறமியால் ஆனது.

இதனைப் ‘போகன்வில்லா’ என்கிறோம் அல்லவா? பெயருக்குரிய புகென்வில் தாவரவியலார் அல்லர், கணித அறிஞர். தொகை நுண்கணிதம் பற்றி 1754, 1756 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக நூல் வெளியிட்டவர். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இதில் சிறிது பெருமைதான். 1766இல் அவர் உலகைச் சுற்றிவரக் கப்பலேறினார்.

துணைக்கப்பலில் வந்த இயற்கை ஆய்வாளர் கொமெர்சான். 1767 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது கால்புண்ணால் அவர் அவதியுற்றார். ஆகவே இச்செடியை முதலில் பறித்து வந்தது அவருடைய உதவியாளாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அந்த உதவியாள் யார் தெரியுமா? ஆணுடை அணிந்த ழான் பாரே என்னும் பெண்! பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அன்று இடமில்லை. 1768 ஏப்ரலில் தாகித்தித் தீவில் உண்மை வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் இருவரும் மொரீசியசில் இறங்கிவிட்டனர்.

கொமெர்சான் 1773இல் அங்கேயே இறந்தார். பாரே சில ஆண்டுகளில் பிரான்சு திரும்பினார். உலகைச் சுற்றி வந்ததாக வரலாறு அறிந்த முதல் பெண் அவரே. 1785இல் அரசு ஆண்டுக்கு 200 லிவர் உதவித்தொகை வழங்கிற்று.

செடியின் பெயரோ தலைவருக்குப் போயிற்று. 1789இல் ஜுஸ்ஸியுவின் நூலில் அது அச்சேறியது. வேறொரு செடிக்குப் பாரேயின் பெயரைக் கொமெர்சான் இட்டிருந்தார், அது நிலைக்கவில்லை. தென்அமெரிக்காவில் ஈக்வடாரிலும் பெருவிலும் வளரும் கத்தரி இனச் செடி ஒன்றுக்கு 2012இல்தான் அவர் பெயரைச் சூட்டினார்கள்.