எத்தனை துப்பாக்கி செய்தார்கள்? ஒரு எண்ணைத் தேடும் கதை

பாளையங்கோட்டையில் குடியரசு தின அணிவகுப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கியை நன்றாகத் தெரியும். நீளமான மரக்கட்டை, மூக்கு மழுங்கியது போல ஒரு முனை, தோளில் வைத்தால் ஆளையே சாய்த்துவிடும் கனம். போலீஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'த்ரீ நாட் த்ரீ'. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த அண்ணன்மார்களும் சுட முடியாதபடி செயலிழக்க வைத்த இதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டுதான் வெயிலில் நடந்திருக்கிறார்கள்.

இதில் எத்தனை துப்பாக்கி இந்தியாவில் செய்தார்கள்?

சாதாரணக் கேள்விதானே, ஆலையில் கேட்டால் சொல்லிவிட மாட்டார்களா என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் பல வருடங்களாக இந்த ஒரு எண்ணுக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தேடும் விதம் ஒரு துப்பறியும் கதைக்குக் குறைந்ததல்ல. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம்ம திருநெல்வேலிச் சீமையில்தான் இருக்கிறது!

கம்பெனி ஒரு வியாபாரி

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பயன்படுத்தியது 'பிரௌன் பெஸ்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட மஸ்கட். அதில் கம்பெனிக்காகவே செய்த வகைக்கு 'இந்தியா பேட்டர்ன்' என்று பெயர். குழல் நீளம் 39 அங்குலம். அப்போது பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்ததைவிட இது சின்னது, செலவும் குறைவு. 1790களில் பிரான்சோடு போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கமே கம்பெனியிடம் போய் இதை வாங்கியது. பிறகு தன் ராணுவத்துக்கும் இதே வகையை ஏற்றுக்கொண்டது.

இந்தத் துப்பாக்கிகளில் இன்றைக்கு இருப்பது போல ஆளுக்கொரு வரிசை எண் கிடையாது. பிறகு எப்படி எண்ணுகிறார்கள்? பி.காம். படிப்பவர்களுக்குச் சந்தோஷமான விஷயம். பில்லை வைத்து! கம்பெனி ஒரு வியாபாரி. எந்தப் பட்டறையிடம் எத்தனை ஆர்டர் கொடுத்தது, எத்தனை வந்து சேர்ந்தது, என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தது. அந்தப் பேரேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

காலத்தைக் கண்டுபிடிக்க முத்திரை உதவுகிறது. சுமார் 1808க்கு முன்பு செய்தவற்றில் இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள் இருக்கும். அதற்குப் பிறகு செய்தவற்றில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம். அப்படியானால் 1799லும் 1801லும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருந்தது இதய முத்திரை!

எதிர்ப்பக்கம் என்ன கணக்கு?

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று கம்பெனிப் படை தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஈட்டி, தீத்திரித் துப்பாக்கி எதுவும் இனி யாரும் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். கம்பெனியின் மஸ்கட்டுக்கு ஆர்டர் புத்தகம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. பாளையக்காரர்களின் தீத்திரித் துப்பாக்கியோ பட்டறையில் ஒவ்வொன்றாகக் கைவேலையாகச் செய்யப்பட்டது. அதற்கு லண்டன் பேரேடு மாதிரி ஒன்று கிடையாது. அது முதன்முதலாக ஒரு அரசாங்கக் கணக்கில் ஏறியது, பிடுங்கப்பட்ட அன்றைக்குத்தான். வென்றவனுக்குக் 'கொள்முதல் கணக்கு' இருக்கிறது. தோற்றவனுக்கு இருப்பது 'பறிமுதல் கணக்கு' மட்டும். உற்பத்தி எண்ணிக்கை என்று சேகரிப்பாளர்கள் பேசும்போது இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை.

பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. 1986ல் மாவட்டம் பிரியும் வரை எல்லாமே திருநெல்வேலிதான்.

இச்சாப்பூர் வருகிறது

சரி, த்ரீ நாட் த்ரீக்கு வருவோம். இதன் முழுப்பெயர் 'ஷார்ட் மேகஸீன் லீ-என்ஃபீல்ட்'. லீ என்பது வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர், என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த ஆலையின் ஊர். குழலின் உள்விட்டம் .303 அங்குலம் என்பதால் நம்ம ஆட்கள் வைத்த பெயர் த்ரீ நாட் த்ரீ.

இந்தியாவில் இதைச் செய்ய கல்கத்தா பக்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இச்சாப்பூர் ரைஃபிள் ஆலை 1904ல் தொடங்கப்பட்டது. தோட்டாவுக்குள் போடும் கார்டைட் வெடிமருந்துக்கு நீலகிரியில் அருவங்காடு ஆலை வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

அந்த வருடங்களில் திருநெல்வேலியில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் ஊரே கொதித்தது. நகராட்சி அலுவலகம், காவல் நிலையம் என்று அரசுக் கட்டடங்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று 1878 ஆயுதச் சட்டம் சொல்லியிருந்த காலம் அது.

ஆட்சிக்கு அந்தப் பயம் எவ்வளவு இருந்தது என்பதை இச்சாப்பூர் செய்த ஒரு பொருளே காட்டும். போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் என்று .303 துப்பாக்கியைப் பிரித்து, குழலின் உள்ளே இருக்கும் வரிகளை எடுத்து வழவழப்பாக்கி, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டையைச் சொருகி அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போட முடியும். இதுதான் .410 மஸ்கட். வேண்டுமென்றே திறமையைக் குறைத்துச் செய்த துப்பாக்கி!

எண்ணுவது எப்படி?

துப்பாக்கியின் கைப்பிடிக்கு மேலே வலது பக்கம் இருக்கும் இரும்புப் பட்டையைப் பார்த்தால் அதன் ஜாதகமே இருக்கும். பிரிட்டிஷ் காலத்து இச்சாப்பூர் துப்பாக்கி என்றால் ஒரு கிரீடம், கீழே மன்னரும் சக்கரவர்த்தியுமான ஜார்ஜின் பெயரைக் குறிக்கும் 'ஜி.ஆர்.ஐ.', இச்சாப்பூர் என்ற ஊர்ப்பெயர், வருடம், ரகம். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகர் தூணின் சிங்கங்களும் 'ஆர்.எஃப்.ஐ.' என்ற எழுத்துகளும் வந்தன. ஒரு நாட்டின் வரலாறு நாலு அங்குல இரும்பில்!

வரிசை எண் தனியாக இருக்கும். வருடத்தையும் எண்ணையும் சேர்த்துப் பட்டியல் போட்டால், 1942 என்று இருப்பதில் மிகப் பெரிய எண் எது, 1943 என்று இருப்பதில் மிகச் சிறிய எண் எது என்று பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வருடக் கடைசி இருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான எண்களைச் சேகரிப்பாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் ஆஸ்திரேலியரான இயன் ஸ்கென்னர்டன் எழுதிய 'தி லீ-என்ஃபீல்ட் ஸ்டோரி' பலருக்கு வேதப்புத்தகம் மாதிரி.

புள்ளியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இன்னொரு வழி தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உளவாளிகள் 1942 ஆகஸ்டுக்கு 1,550 என்றார்கள். புள்ளியியல் ஆட்கள் பிடிபட்ட டாங்கிகளின் உதிரிபாகங்களில் இருந்த எண்களை வைத்து 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் 342! சூத்திரம் சின்னதுதான். பார்த்த எண்களில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த பொருட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையை அதே பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். ஐந்து துப்பாக்கி பார்த்தீர்கள், பெரிய எண் 4,000 என்றால், 4,000 + 800 – 1 = 4,799. அவ்வளவுதான்.

எங்கே தவறுகிறது?

அப்படியானால் இச்சாப்பூருக்கும் இதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

ஒன்று, இந்தச் சூத்திரத்துக்கு எண்கள் ஒன்றில் தொடங்கி இடைவெளி இல்லாமல் போக வேண்டும். லீ-என்ஃபீல்ட் ஆலைகளில் பொதுவாக எண் ஒரு எல்லையைத் தொட்டதும் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனி வரிசை வேறு. ஆலைப் பெயரும் வருடமும் இல்லாமல் வெறும் எண் ஒன்றுக்கும் உதவாது.

இரண்டு, பழுதுபார்ப்பு. த்ரீ நாட் த்ரீயை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆலைக்கு அனுப்பிப் பிரித்துப் புதுசு போலாக்கலாம். அப்போது புதிய தேதி குத்துவார்கள், குழல் மாறும், போல்ட் மாறும். ஒரே துப்பாக்கி கணக்கில் இரண்டு தடவை பிறந்துவிடும்.

மூன்று, கண்ணில் படுவது எது? இந்தியாவிலிருந்து உபரியாக விற்கப்பட்டுக் கப்பலேறியவைதான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கைக்குப் போயின. இங்கே காவல்துறைக் கிடங்கில் தேய்ந்தவையும் உருக்கப்பட்டவையும் அவர்கள் மாதிரியில் வரவே இல்லை. நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்று எண்ணிவிட்டு 'தமிழ்நாட்டின் மக்கள்தொகை இவ்வளவு' என்று சொல்வது போலத்தான்.

நான்காவது, பணம். எண் எல்லாப் பாகத்திலும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். எண்ணிக்கை குறைவு என்றாலும் விலை கூடும். அமெரிக்காவில் 1899க்கு முன்பு செய்த துப்பாக்கி என்றால் 'பழம்பொருள்' என்று சட்டமே வேறு. அதனால் எண்ணைத் திருத்திக் குத்தும் ஆட்களும் உண்டு. பொய் எண் ஒன்று பட்டியலில் ஏறினால் அதை நம்பிப் போட்ட கணக்கு எல்லாமே ஆட்டம் காணும்.

கதைகளும் உண்மை போல உலாவும். 1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூர் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு என்று '2ஏ', '2ஏ1' என்ற துப்பாக்கிகளைச் செய்தது. இவை பழைய .303 துப்பாக்கியைத் தட்டி மாற்றியவை, சுட்டால் ஆபத்து என்று வெளிநாட்டில் ஒரு வதந்தி நீண்ட நாள் ஓடியது. உண்மையில் அவை இன்னும் உறுதியான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை. உலகம் முழுவதும் செய்த லீ-என்ஃபீல்ட் மொத்தம் 1 கோடியே 70 லட்சம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அப்படி ஒரு முழு எண்ணைப் பார்த்தாலே அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் கேட்பது, "கூட்டிப் பார்த்தது யார்?"

இந்த எண் எதற்கு?

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். இந்தியாவில் சாதாரண ஆள் .303 துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் போட்ட தடையால்தான் இங்கே .315 என்ற தனி அளவில் துப்பாக்கி வந்தது. அதையும் செய்தது இச்சாப்பூர்தான்.

ஆனால் இந்தத் துப்பாக்கி நம் காலம் வரை வேலை பார்த்திருக்கிறது. 2008 நவம்பர் 26 அன்று மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே போலீஸ்காரர்கள் பிடித்திருந்தது இதைத்தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில். எத்தனை செய்தோம், எத்தனை தேய்ந்தது, எப்போது மாற்ற வேண்டும் என்ற இருப்புக் கணக்கு சரியாக இல்லாவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் முன்னால் நிற்கும் கான்ஸ்டபிள்தான்.

2021 அக்டோபரில் அரசு ஆயுத ஆலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இச்சாப்பூரும் நம்ம திருச்சி துப்பாக்கி ஆலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. இப்படி நிர்வாகம் மாறும் காலத்தில்தான் பழைய பேரேடுகள் எடைக்குப் போகும் அபாயம் அதிகம். அது போனால் நம் ஆலையின் வரலாற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் நோட்டுப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கம்பெனி தன் துப்பாக்கிகளை எண்ணியது, பில் போட்டது, முத்திரை குத்தியது. 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் சுட்ட துப்பாக்கிகளுக்கும் ஏதோ ஒரு கிடங்குப் புத்தகத்தில் கணக்கு இருந்திருக்கும். அன்று விழுந்த நான்கு பேரை இன்று தாமிரபரணிக் கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? துப்பாக்கி மேல் குத்திய எண்ணைத் தேடுகிறவர்கள் தேடட்டும், அது நல்ல வேலைதான். அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.